அரளிக்கட்டைப் பிரிவின் ஏழு நாள் கணக்கு

மைசூரு,
9 நவம்பர் 2025

அன்புள்ள காவேரி,

ஏழாம் வகுப்பு படிக்கும்போது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். "கிளாஸ்ல எல்லாரோட உயரத்தையும் கூட்டி வகுத்தா நூத்தி முப்பத்தேழு வருதும்மா. ஆனா நூத்தி முப்பத்தேழுல ஒருத்தர்கூட இல்ல. அப்போ அந்த சராசரி ஆளு எங்க இருக்காரு?" முப்பத்தோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். ஒரு பிள்ளையும் அதைக் கேட்டதில்லை. "பரீட்சைக்கு வராது, போய்ப் படி" என்று அனுப்பிவிட்டேன். கூடத்திலிருந்து உன் அப்பா, "டீச்சரம்மாவுக்கே பதில் தெரியலையாட்ட இருக்குது" என்று சிரித்தார்.

அதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

உன் அப்பாவின் பதினோராம் நாள் காரியத்தன்று, உறவுக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். "ஊர் ஊரா ரோட்டை அடைச்சவ இவதான். பெத்த அப்பனுக்கும் சேர்த்து அடைச்சுட்டா" என்றேன். நீ சாப்பிடாமல், கொடியில் கிடந்த ஈரத் துணியையும் பைக்குள் திணித்துக்கொண்டு தில்லிக்குப் போய்விட்டாய். ஒன்பது மாதம் ஆகிறது.

நான் சொன்னதில் பொய் என்ன என்று இன்றுவரை யோசிக்கிறேன். கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தினார்கள். நாடு முழுவதும் எந்தப் பிரிவில் சாலையைக் கடக்கும் வழியை அடைப்பது, எங்கே சுரங்கப்பாதை போடுவது என்று கணக்குப் போட்டுச் சொன்னது உங்கள் ஆபீஸ். அந்தக் கணக்கை உண்டாக்கியவள் நீ. அரளிக்கட்டைப் பிரிவை அடை என்று அது சொன்னது. அடைத்து நடுவில் சுவர் வைத்தார்கள். அடுத்த சுரங்கப்பாதை மூன்று கிலோமீட்டர் தள்ளி. தை அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக்கு வெறுங்காலில் நடக்கிறவர்கள் எந்த ஊரில் மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போவார்கள்? சுவர் ஏறித்தான் போனார்கள். உன் அப்பா சாலையில் நின்று ஒவ்வொருவராகக் கைதூக்கி விட்டார். கூட நடந்து வந்த ஊர்க்காரி பசம்மாவை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது பால் வண்டி வந்துவிட்டது.

உன் படிப்பை நான் அறியாதவள் இல்லை. நீ போனில் சொன்னதை வகுப்பறையை வைத்து நான் புரிந்துகொண்டேன். கடைசி பெஞ்சில் இருக்கும் ஒருவனை முதல் பெஞ்சுக்கு மாற்றினால் அவன் சத்தம் மட்டும் குறைவதில்லை. இரண்டாம் பெஞ்சில் புதுச் சண்டை ஆரம்பிக்கும், ஜன்னலோரம் இருந்தவள் பாடம் கவனிக்க ஆரம்பிப்பாள், யாரும் நினைக்காதது நடக்கும். நாற்பது பேரைத் தனித்தனியாகப் படித்துக் கூட்டினால் வகுப்பு வராது. சாலையும் அப்படித்தான் என்றாய். அதற்குச் சிக்கல் கோட்பாடு என்று நான் பெயர் சொன்னபோது உன் அப்பா, "அவுக்கறதுக்குத்தானுங் படிக்கோணும், கட்டறதுக்கா?" என்று கேட்டார்.

ஜனவரி 18, தை அமாவாசை. முதல் வருடத் திதி. முனிராஜ் சித்தப்பா கொடுக்கிறார். நான் இன்னும் உன்னை மன்னிக்கவில்லை. ஆனால் நீ வர வேண்டும்.

அரளிக்கட்டை விஷயமாக உங்கள் ஆபீஸில் விசாரணை வைத்திருக்கிறார்கள் என்று சித்தப்பா சொன்னார். உண்மையா?

அம்மா

●

தில்லி,
24 நவம்பர் 2025

அம்மா,

கடிதம் வந்தது. தமிழில் எழுதி ரொம்ப வருடம் ஆகிறது. என் ரகர றகரத்தைச் சிவப்பு மையில் திருத்தாதே.

விசாரணை உண்மைதான். ஜனவரி ஐந்தாம் தேதி குழு கூடுகிறது. அரளிக்கட்டையை ஏன் அடைத்தீர்கள் என்று கேட்பார்கள். மாடலில் பிழை, அதை உருவாக்கிய நான் பொறுப்பு என்று எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்துவிட்டேன். அன்றைக்கு நீ சொன்னது சரி. என் கணக்குதான் அப்பாவைக் கொன்றது. நான் எதிர்த்து ஒன்றும் சொல்லப் போவதில்லை.

திதிக்கு வருவேனா என்று தெரியவில்லை. லீவு கேட்டிருக்கிறேன்.

ஒரு சின்ன வேலை. அந்த ஏழு நாள் நீ அரளிக்கட்டையில் உட்கார்ந்து எண்ணிய நோட்டு அலமாரியில் எங்காவது இருக்கும். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடு. பார்த்தால் அப்பா ஞாபகம் வரும், அழுவாய். ஹோக்லி பிடும்மா. போகட்டும் விடு.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாயா?

காவேரி

●

மைசூரு,
4 டிசம்பர் 2025

கண்ணு காவேரி,

தூக்கிப் போடு என்று நீ சொல்லியிருக்காவிட்டால் நான் அந்த நோட்டைத் தேடியிருக்க மாட்டேன்.

நீ அந்த எண்ணும் வேலையை எனக்குக் கொடுத்தது நினைவிருக்கிறது. கான்ட்ராக்டர் ஆட்கள் டீக்கடையில் உட்கார்ந்து மனதுக்குத் தோன்றியதை நிரப்பி அனுப்புகிறார்கள், "நீ எண்ணினா நான் கண்ணை மூடிட்டு நம்புவேம்மா" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. சாலையை அகலப்படுத்தும் முன், புரட்டாசி மாதம் ஒரு வாரம் முனிராஜ் சித்தப்பா வீட்டில் தங்கி, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை குடை பிடித்து உட்கார்ந்து, சாலையைக் கடக்கிற ஒவ்வொருவருக்கும் பென்சிலில் ஒரு கோடு போட்டேன். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. சித்தி ரங்கம்மா மதியச் சோற்றை அங்கேயே கொண்டுவந்து கொடுப்பாள்.

நோட்டில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். முதல் நாள் 41. பிறகு 38, 44, 39. ஐந்தாம் நாள் 1,263. அடுத்த இரண்டு நாளும் 43, 40.

ஐந்தாம் நாள் மகாளய அமாவாசை, மலைக்கு நடக்கிறவர்கள் திரளும் நாள்.

உனக்கு அனுப்பிய படிவத்தில் ஐந்தாம் நாளுக்கு நேரே நான் எழுதியது 41.

ஏன் என்று சொல்கிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை என்னைத் திட்டாதே, பிறகு திட்டு. எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்து ஒரு தேர்வு எழுதாமல் போனால், அதற்கு நேரே பூஜ்யம் போட எனக்கு மனசு வராது. மற்றத் தேர்வுகளின் சராசரியைப் போட்டு நிரப்புவேன். சில சமயம் வேறு மாதிரியும் நடக்கும். எப்போதும் பத்துக்கு நாலு வாங்குகிறவன் ஒரு நாள் திடீரென்று பத்து வாங்கினால், பார்த்து எழுதியிருப்பான் என்று அதையும் ஒதுக்கிவிட்டுச் சராசரியைப் போடுவேன். ஒரு நாளின் கோளாறு பிள்ளையின் உண்மையான தரத்தைக் கெடுக்கக் கூடாது. முப்பத்தோரு வருடம் நான் நியாயம் என்று நம்பிச் செய்தது இது.

அமாவாசையைப் பார்த்ததும் என் கை அதையேதான் செய்தது. இது கோளாறான நாள், இதை அனுப்பினால் காவேரியின் கணக்கு கெட்டுவிடும் என்று நினைத்தேன். மற்ற ஆறு நாளையும் கூட்டினேன், இருநூற்று நாற்பத்தைந்து. ஆறால் வகுத்தேன். நாற்பத்தொன்றுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. முழு எண்ணாக்கி 41 என்று எழுதினேன். அந்த வாரத்தை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும் என்று புதுப் படிவத்தில் அழகாகப் பிரதி எடுத்து அனுப்பினேன். அத்தோடு அதை மறந்தும்விட்டேன்; அந்த எண்ணுக்கும் சுவருக்கும் தொடர்பு உண்டு என்று நோட்டைத் திறக்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். அதை எழுதத்தான் மூன்று நாள் ஆனது. அன்று காலை எட்டரை மணி இருக்கும். உன் அப்பா அவர் கூட்டத்தோடு வந்தார். நெற்றி முழுக்கத் திருநீறு, தோளில் அந்தப் பச்சைத் துண்டு. சாலையின் அந்தப் பக்கம் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஏனுங் டீச்சரம்மா, என்னையும் எண்ணியாச்சுங்களா? இல்ல, சொந்தக்காரன்னு சேர்க்காம விட்டுட்டீங்களா?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கம். "எண்ணியாச்சு, நடங்க" என்றேன். அவருக்கும் ஒரு கோடு போட்டேன். அந்தப் பக்கத்தில் எந்தக் கோடு அவருடையது என்று மட்டும் தெரியவில்லை.

நான் படிவத்திலிருந்து எடுத்துவிட்ட ஆயிரத்து இருநூற்று இருபத்திரண்டு பேரில் அவரும் ஒருவர்.

நீ கையெழுத்துப் போட்டதைக் கிழித்துப் போடு. இந்த நோட்டைக் குழுவுக்குக் காட்டு.

அம்மா

●

தில்லி,
13 டிசம்பர் 2025

அம்மா,

எனக்குத் தெரியும்.

காரியத்துக்கு இரண்டு நாள் முன்னால் அப்பாவின் ஆதார் அட்டையைத் தேடி அலமாரியைத் திறந்தேன். நோட்டு அட்டையில் உன் கையெழுத்து, ஊர் பெயர், தேதி எல்லாம் இருந்தது. நின்றபடியே புரட்டினேன். ஐந்தாம் நாளுக்கு மட்டும் பதினோரு பக்கம் கோடுகள். அப்படியே மூடி, புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் நீ எல்லார் முன்னாலும் அதைச் சொன்னாய். என் வாய்க்குள் பதில் இருந்தது. சொல்லியிருந்தால் நீ அந்த நிமிடமே செத்திருப்பாய் என்று தோன்றியது. உனக்குத் திட்ட ஓர் ஆள் வேண்டும். நான் தூரத்தில் இருக்கிறேன், திட்டு வாங்கத் தோதான இடம்.

நீ சொன்னதால் நானும் என்னுடையதைச் சொல்கிறேன். அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அமாவாசை வருகிற மாதிரி பார்த்துத்தான் எடுத்தேன். எண்ணுகிறவரிடம் காரணம் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி, சொன்னால் அவர்கள் அதையே தேடுவார்கள். என் மாடல் சராசரியைப் பார்ப்பதே இல்லை அம்மா. நாடு முழுவதும் இருநூற்றுப் பன்னிரண்டு பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் கூட்டம் மிக மோசமான ஒரு நாள் எது என்றுதான் முதலில் பார்க்கும். நம் மைசூரு மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துத் தெருவை ஒருவழியாக்கியபோது என்ன ஆனது என்று நீயே பார்த்தாய். சாதாரண நாளில் ஒன்றும் தெரியவில்லை. யுகாதிக்கு முந்தின நாள் நாலு தெருவும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. இந்த மாதிரி அமைப்புகள் தங்களைக் காட்டுவது அப்படிப்பட்ட நாளில்தான். 1,263 என்று வந்திருந்தால் அரளிக்கட்டைக்குச் சுரங்கப்பாதை கிடைத்திருக்கும்.

ஏழு நாளும் நாற்பதை ஒட்டி வந்த படிவத்தைப் பார்த்ததும் எனக்கு இடித்தது. வேறு யார் அனுப்பியிருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன். அம்மா எண்ணியது என்று விட்டுவிட்டேன். அப்பாவின் கூட்டம் இந்த முறை பஸ்ஸில் போயிருக்கும் என்று எனக்கு நானே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டேன். ஒரு போன் போட்டு, "அன்னிக்கு அப்பா நடந்தாரா?" என்று கேட்டிருந்தால் போதும்.

நோட்டை அனுப்பாதே. பிழை மாடலுடையது என்றால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். நோட்டு வந்தால் உன் பெயர் வரும். அறுபத்தாறு வயதில் உன்னை ஒரு கூட்டத்துக்கு நடுவில் நிறுத்த எனக்குத் தெம்பு இல்லை.

காவேரி

●

மைசூரு,
20 டிசம்பர் 2025

காவேரி,

உன் கடிதம் வருவதற்கு முன்பே நோட்டு போய்விட்டது. உனக்கு அனுப்பவில்லை. குழுத் தலைவர் பெயருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். கூடவே நான்கு பக்கம் எழுதினேன், ஆங்கிலத்தில். தபால் ஆபீஸ் பெண் எடை போட்டுவிட்டு, "பரீட்சை பேப்பரா மேடம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நீ என்னைக் காப்பாற்ற நினைத்தாய். அது எனக்குப் புரிகிறது. ஆனால் யோசித்துப் பார். மோசமான நாளைப் பார்க்கும் முறை தப்பு என்று நீ கையெழுத்துப் போட்டதைக் கொடுத்தால், உங்கள் ஆபீஸ் அடுத்த நாளே பழைய சராசரிக்குத் திரும்பிவிடும். பிறகு மற்ற இருநூற்றுப் பதினோரு பிரிவுகளிலும் ஒரு திருவிழா, ஒரு சந்தை, ஒரு அறுவடை நாள் இருக்கும். அங்கெல்லாம் சுவர் ஏறுகிறவர்கள் இருப்பார்கள். கைதூக்கி விட ஒருவர் நிற்பார்.

நான் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மார்க் போட்ட மாதிரி நீ எனக்கு ஒன்று போட்டுவிட்டாய். இரக்கத்தில் போட்டாய். அது எவ்வளவு தப்பான இரக்கம் என்று இந்த வயதில், இந்த விலைக்குத் தெரிந்துகொண்டேன்.

முனிராஜிடமும் ரங்கம்மாவிடமும் சொன்னேன். நேரில் போய்ச் சொன்னேன். முனிராஜ் கடைசிவரை கேட்டான். பிறகு, "அண்ணன் இருந்திருந்தா உங்களைத் திட்டியிருக்க மாட்டாருங் அண்ணி. நானும் திட்டல. ஆனா இன்னிக்கு இங்க சாப்பிடச் சொல்ல எனக்கு வாய் வரல" என்றான். மாலை பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அவன் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை.

அன்று கூடத்தில் நான் சொன்ன வார்த்தை உனக்குச் சேர வேண்டியது இல்லை. அதை அத்தனை பேர் முன்னால் சொன்னேன். திதியன்று அதே ஆட்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் திருப்பி எடுத்துக்கொள்வேன். நீ பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

அம்மா

●

தில்லி,
8 ஜனவரி 2026

அம்மா,

மீட்டிங் முடிந்தது. தலைவர் உன் நோட்டை மேஜையில் பிரித்து வைத்திருந்தார். ஐந்தாம் நாள் பக்கங்களை ஒருவர் மாற்றி ஒருவர் கையில் வாங்கிப் பார்த்தார்கள். எண்ணியவர் யார் என்று கேட்டார்கள். என் அம்மா என்றேன். விபத்தில் இறந்தவர்? என் அப்பா.

மாடல் தப்பித்துவிட்டது. மோசமான நாளைப் பார்க்கும் முறை தொடரும். இருநூற்றுப் பன்னிரண்டு இடத்திலும், அந்தந்த ஊர்க்காரர்களிடம் அவர்களுடைய பெரிய நாள் எது என்று கேட்டு, அன்றைக்கு மறுபடி எண்ணப் போகிறார்கள். நீ நான்காம் பக்கத்தில் எழுதிய யோசனை அது. அப்படியே எடுத்துக்கொண்டார்கள். உன் பெயர் போடவில்லை.

நான் தப்பிக்கவில்லை. சொந்த அம்மாவை எண்ண வைத்ததும், சந்தேகம் வந்தும் சரிபார்க்காமல் விட்டதும் விதிமீறல். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை தில்லியை விட்டுப் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். திதிக்கு ஒரு நாள் அனுமதி கேட்டேன். முடியாது என்றுவிட்டார்கள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. போய்விடும்.

அரளிக்கட்டைச் சுவரைத் திறக்க ஒப்புதல் ஆகிவிட்டது. ஆனால் வேலை அடுத்த நிதியாண்டில்தான். இந்தத் தை அமாவாசைக்கும் அது மூடித்தான் இருக்கும்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. போன வருடம் தை அமாவாசையன்று காலை அப்பா எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். நான் வேலையில் இருந்ததால் மத்தியானம்தான் கேட்டேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "கண்ணு, உங்க ரோட்டு மேலதான் நடந்துட்டு இருக்கறன். வழுவழுன்னு நல்லா இருக்குது. எம்மக போட்ட ரோடுன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லீட்டன்." பின்னால் கூட்டம் மாதேஸ்வரனைக் கூப்பிடுகிற சத்தம். பதினெட்டு விநாடி. அதற்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.

காவேரி

●

மைசூரு,
12 ஜனவரி 2026

கண்ணு,

உன் கடிதத்தை முனிராஜுக்குப் போனில் படித்துக் காட்டினேன். குரல் செய்தி வந்த இடத்தில் என்னால் படிக்க முடியவில்லை. அவன் காத்திருந்தான். பிறகு, "அண்ணி, பதினேழாந்தேதியே வந்துருங்க" என்றான்.

உன்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்ததற்கு நான் காரணம். அதை நான் அறியாமல் அனுப்பவில்லை, இப்படி ஆகலாம் என்று தெரிந்துதான் அனுப்பினேன். அதற்காக நீ என்மேல் வைத்திருக்கும் கோபத்தை அவசரப்பட்டுப் போக்கிக்கொள்ளாதே. இருக்கிறவரை இருக்கட்டும்.

அமாவாசையன்று திதி முடிந்ததும் நாங்கள் எல்லாரும் அரளிக்கட்டைக்குப் போகிறோம். ஊர்க்காரர்கள் போலீஸில் எழுதிக் கொடுத்து, காலை ஆறிலிருந்து சாலையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வண்டிகளை நிறுத்த அனுமதி வாங்கிவிட்டார்கள். சுவர்மேல் இரண்டு பக்கமும் மரப்படி வைக்கிறார்கள். படியைப் பிடித்துக்கொள்ளும் வேலை முனிராஜுக்கு. பசம்மா தானும் வருவேன் என்கிறாள். உன் அப்பா இறந்த நாளிலிருந்து அவள் அந்தச் சாலைப் பக்கமே வரவில்லை. நான் குடையோடு பழைய இடத்தில் உட்கார்ந்திருப்பேன். கடந்து போகிறவர்களில் அவர் இருக்க மாட்டார். ஒரு கோடு குறையும். அதை எந்தக் கணக்கிலும் நிரப்ப எனக்கு வழி தெரியவில்லை.

உன்னை வரச் சொல்ல முடியாது. வெறுமனே அழுதுகொண்டு இரு என்றும் சொல்ல மாட்டேன். உனக்கு ஒரு வேலை தருகிறேன். அதே அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை காலை உன் வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு சாலையோரத்தில் ஒரு மணி நேரம் நின்று, கடந்து போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போடு. ஒருவரையும் விட்டுவிடாதே; அன்று நானும் இங்கே அதையேதான் செய்துகொண்டிருப்பேன்.

அம்மா